தாத்தா பெட்டியில் பித்தளைப் புட்டி, போட்டோவில் ஒரு ரைபிள்: இது எந்த மாடல்?

அம்பைப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரன் நான். வேலை திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மொபைல் கடையில். துப்பாக்கி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். தப்பாக ஏதும் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பழைய வீட்டில் ஓடு மாற்ற ஆள் வந்ததால் மச்சை ஒழித்தோம். மூலையில் தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி இருந்தது. தாத்தா பாளையங்கோட்டை ஆயுதப்படையில் 1965-ல் சேர்ந்தவர். ஊரில் ரிசர்வ் போலீஸ் என்பார்கள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தவறிவிட்டார். பெட்டிக்குள் மேலே இரண்டு காக்கிச் சட்டைகள். அதற்குக் கீழே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பித்தளைப் புட்டி. மூடியைத் திருகினால் மூடியோடு ஒட்டிய ஒரு சின்னக் கரண்டி வருகிறது. ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய நீளக் கயிறு ஒன்று, அதன் மறுமுனைப் பக்கம் கண்ணி கண்ணியாக முடிச்சு. ஒரு காடாத் துணி வார். இரும்புத் தகட்டில் செய்த, விரல் நீளம்கூட இல்லாத ஒரு கிளிப். அப்புறம் ஒரே ஒரு தோட்டா.

கடைசியாக ஒரு போட்டோ. பரேடு மைதானத்தில், கஞ்சி போட்டு விறைத்த நிக்கரோடு தாத்தா நிற்கிறார். துப்பாக்கியின் கட்டைப் பகுதி தரையில், நுனி அவருடைய விலா வரைக்கும் வருகிறது. நுனி மொட்டையாக, ஏதோ கவசம் போட்டது போல இருக்கிறது. அட்டையில் ஸ்டுடியோக்காரர் சீல், 1966 என்று. பின்பக்கம் பென்சிலில் 63 என்று தாத்தா கையெழுத்து. முதலில் 1963 என்று நினைத்தேன். அப்போது அவர் போலீசிலேயே இல்லையே!

என் கேள்விகள் இவைதான். இது எந்த ரைபிள்? இதே போல ஒன்றைப் பழையதாக, சும்மா சுவரில் மாட்டி வைக்க மட்டும் வாங்க முடியுமா? அந்தப் புட்டியைப் புளி போட்டு விளக்கலாமா? ஆச்சியிடம் கேட்டால், "அது அவரு சாமான், கைய வைக்காத" என்பதோடு சரி.

தென்பொதிகை:

தம்பி, மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதும் இந்த மாதிரி நாட்டுத் துப்பாக்கிதானே? நம்ம ஜில்லாவுக்கு இந்த விஷயத்தில் பெரிய சரித்திரம் இருக்கிறது. போட்டோவைப் பத்திரமாக வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆர்மரர்:

தம்பி, முதலில் அந்தத் தோட்டா. மற்றதெல்லாம் பிறகு.

அதன் அடிப்பாகத்தில் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதற்குக் கேப் என்று பெயர். அதில் ஊசி குத்திய பள்ளம் இல்லையென்றால் அது சுடாத தோட்டா. சுடாத தோட்டா ஒன்றே ஒன்று இருந்தாலும், உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா வைத்தது, எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்துவிட்டதே. தேய்க்க வேண்டாம், நோண்ட வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். தெரிந்த வக்கீல் ஒருவரை வைத்துக்கொண்டு உங்கள் காவல் நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டோம் என்று எழுதி வாங்குங்கள். கிளிப்பையும் அப்போதே காட்டிவிடுங்கள். புட்டி, கயிறு, வார் மூன்றும் வெறும் சாமான்கள். அவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை.

தென்பொதிகை அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் வெடித்தது பிரௌனிங் பிஸ்டல். நாட்டுத் துப்பாக்கி இல்லை, ரைபிளும் இல்லை. ஒரு ரயில் பெட்டிக்குள் மூன்றே முக்கால் அடி ரைபிளைத் தூக்கிக்கொண்டு யாராவது ஏற முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ராணுவத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கிற ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக இருந்தவன். 1972-ல் செகந்திராபாத்தில் பயிற்சி, 1996-ல் ஓய்வு. ஊர் மேலப்பாளையம் பக்கம். கடைசி ஆறு வருஷம் என்.சி.சி. யூனிட்டுகளின் ரைபிள்களைச் சோதிக்கிற வேலை. ஆகவே தம்பி சொல்கிற சாமானை ஆயிரக்கணக்கில் கழற்றி மாட்டியிருக்கிறேன். இப்போது வலது கைக் கட்டைவிரல் சரியாக மடங்காது. அந்த போல்ட்டுகளின், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்பு உருளைகளின் தயவு.

நுனி மொட்டை, விலா உயரம் என்ற இரண்டே போதும். அது லீ என்ஃபீல்டு ரைபிள். நம் போலீஸ்காரர்கள் வாயில் த்ரீ நாட் த்ரீ. குழலின் துளை 0.303 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். நீளம் நாற்பத்து நாலரை அங்குலம், எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். அந்த மொட்டை மூக்குதான் அடையாளம். குழல் நுனி மரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்காது. மூக்குக் கவசத்துக்கு அடியில் பொத்தான் மாதிரி ஒரு குமிழ் தெரியும், பயனெட்டின், அதாவது துப்பாக்கி முனைக் கத்தியின் வளையம் அதற்கு மேலே போய் உட்காரும். நுனியில் குழல் இரண்டு மூன்று அங்குலம் தனியாக நீண்டிருந்தால் அது நம்பர் 4 என்கிற பின்னாள் மாடல். தம்பி சொல்வது அதற்கு முந்தியது. 1907-ல் வந்த மார்க் 3, அல்லது முதல் உலகப் போர் நேரத்தில் வேலையைக் குறைத்துச் செய்த மார்க் 3 ஸ்டார்.

இந்த ஸ்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்பத்து மார்க் 3-ல் இடது பக்கம் மரத்தில் ஒரு சின்ன டயல் இருக்கும். ஆயிரத்தைந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிற பட்டாளத்தின் மேல் ஒரு கூட்டமே சேர்ந்து தோட்டா மழை பொழிவதற்கான குறி அது. தோட்டாப் பெட்டியான மேகசினைப் பூட்டி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட ஒரு தகடும் இருக்கும். பதுங்குகுழிச் சண்டை வந்த பிறகு இவை இரண்டும் யாருக்கும் உதவவில்லை. ரைபிளோ லட்சக்கணக்கில் தேவை. வெட்டிவிட்டார்கள். ஆகவே டயல் உள்ளதா, தகடு உள்ளதா, அது இருந்த இடம் வெறுமையாக உள்ளதா என்று பார்த்தாலே ஒரு துப்பாக்கி எந்த மனநிலையில் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். கோவில் தூணைப் பார்த்து இது நாயக்கர் வேலை, இது பாண்டியர் வேலை என்று சொல்கிறவர்கள் இல்லையா, அது போல.

பிடிக்கு மேலே, போல்ட் கைப்பிடிக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் உண்டு. ரைபிளின் ஜாதகம் அங்கேதான். மேலே கிரீடம், அடியில் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கிற ஜி.ஆர்., நம் நாட்டில் செய்தது என்றால் ஜி.ஆர்.ஐ., செய்த இடம், வருஷம், மாடல். ஐ என்றால் இம்பரேட்டர், சக்கரவர்த்தி. இங்கிலாந்தில் என்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்தது உண்டு, வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இச்சாப்பூரில் செய்ததும் உண்டு. இச்சாப்பூர் தொழிற்சாலை 1904-ல் ஆரம்பித்தது, அதற்கு முன்பு அந்த இடத்தில் வெடிமருந்து ஆலை. சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அதே இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. ஆர்.எஃப்.ஐ., அதாவது ரைபிள் ஃபேக்டரி இச்சாப்பூர் என்று எழுத்தும். ஒரே கோத்தில், அதாவது ஆயுத அறையில், கிரீடமும் சிங்கமும் அடுத்தடுத்து ஒரே சங்கிலியில் கட்டிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். 1918-ல் செய்த ஒன்றை 1991-ல் என் கையால் கேஜ் என்கிற அளவுக் கட்டை வைத்துப் பார்த்தேன், தேறியது. எழுபத்து மூன்று வயது.

அந்தக் கேஜ் விஷயத்தை விட மனம் வரவில்லை. 0.064 அங்குலத்தில் ஒன்று, 0.074-ல் ஒன்று. முதலாவதின் மேல் போல்ட் மூட வேண்டும். இரண்டாவதின் மேல் மூடக் கூடாது. மூடிவிட்டால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி அதிகம் என்று பொருள், தோட்டாவின் பித்தளைக் குப்பி கிழியும். ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் ரைபிளுக்கு என்றே பொருத்தியது, கைப்பிடியின் பின்புறம் நம்பர் அடித்திருக்கும். பயல்கள் துடைக்கிறேன் பேர்வழி என்று பத்து ரைபிள் போல்ட்டை ஒரே சாக்கின் மேல் கொட்டி வைப்பார்கள். பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதிக்கும். நம்பர் ஒத்துப்போகிறதா என்பதுதான் வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதும். இங்கே அது அழகுக்கு இல்லை, முகம் தப்புவதற்கு.

போல்ட் ஏன் இவ்வளவு புகழ் பெற்றது? பயிற்சிப் பள்ளியில் வெட்டிக் காட்டிய ஒரு ஜெர்மன் மௌசரும் எங்கள் மேஜையில் இருந்தது. மௌசரில் கைப்பிடியைக் கால் வட்டம் தூக்க வேண்டும், தூக்கும்போதே ஸ்ட்ரைக்கர், அதாவது கேப்பைக் குத்துகிற ஊசியின் ஸ்பிரிங்கும் சுருங்கும், ஆகவே கனக்கும். லீ என்ஃபீல்டில் அறுபது டிகிரி தூக்கினால் போதும். ஸ்பிரிங் சுருங்குவது முன்னே தள்ளும்போது. தள்ளுகிற வேகமே அதைப் பார்த்துக்கொள்ளும். மௌசரில் ஐந்து தோட்டா, இதில் பத்து. முதல் உலகப் போருக்கு முந்திய பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு நிமிஷத்தில் முந்நூறு கஜத் தூரத்துக் குறியில் பதினைந்து போட வேண்டும் என்று பயிற்சி இருந்தது. அதே சமயம் உள்ளதைச் சொல்ல வேண்டும், மௌசரின் பூட்டு முன்னால், தோட்டாவை ஒட்டியே இருக்கிறது. லீயின் பூட்டு பின்னால். கட்டுமானத்தில் மௌசர்தான் திடமானது. கையில் ஓடுவதில் இதற்கு ஈடு இல்லை. எனக்கு இதுதான் பிடிக்கும். காரணம் கேட்டால், சாப்பாட்டில் ஊர்க் குழம்பு ஏன் பிடிக்கும் என்பது போலத்தான்.

உங்கள் கிளிப்பில் ஐந்து தோட்டா நிற்கும். இரண்டு கிளிப் போட்டால் மேகசின் நிறையும். இந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றை ஒன்று மாட்டிக்கொள்ளும், போல்ட் நகராது. புதுக் கான்ஸ்டபிள் வியர்ப்பது அந்த இடத்தில்தான்.

அப்புறம் புட்டியும் கயிறும். ரைபிள் கட்டையின் அடிப்பக்கம் பித்தளைத் தகடு, அதில் ஒரு சின்னக் கதவு. கயிற்றைச் சுருட்டி முதலில், புட்டி அதன் மேல், கதவு மூடிவிடும். புட்டி துப்பாக்கி எண்ணெய்க்கு. குழலைத் துடைக்கிற கயிற்றுக்குப் புல் த்ரூ என்று பெயர். குண்டைக் குழலின் பின்வழியாக விட்டால் முன்னால் வந்து விழும். கண்ணியில் ஃபோர் பை டூ என்கிற துடைப்புத் துணியை வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறே குழலின் வாயை அரித்துவிடும்.

சுட்ட நாளில் மட்டும் அதற்கு முன்னால் வெந்நீர். பழைய தோட்டாக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்த பிறகு குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு படியும், கிட்டத்தட்ட நம் சாப்பாட்டு உப்புதான். எண்ணெய்க்கு உப்பு கரையாது. கொதிக்கிற தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்ற வேண்டும். சூட்டில் குழல் தானே காய்ந்துவிடும், பிறகுதான் எண்ணெய். தூத்துக்குடிக் காற்றிலும் ஆனி ஆடிச் சாரலிலும் இதை ஒரு நாள் விட்டால், மறுநாள் காலையில் துணி செம்மண் நிறத்தில் வரும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில் தேய்க்க வேண்டும். கோத் மணக்குமே, அந்த வாசனைதான் எனக்கு ராணுவம்.

புட்டியைப் புளி போட்டு விளக்காதீர்கள். அடியில் அல்லது பக்கத்தில் அம்புக்குறி, அதற்குக் கீழே ஐ என்று இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் இந்திய அரசுச் சொத்து என்ற முத்திரை. விளக்கினால் அது போய்விடும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

வாங்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. 303-ம் 7.62 மில்லிமீட்டரும் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட துளை அளவுகள். மத்திய உள்துறை அனுமதி இல்லாமல் தனி ஆளுக்குக் கிடையாது, சுவரில் மாட்ட மட்டும் என்றாலும் அதே கதைதான். போல்ட்டோ குழலோ தனியாக யாராவது விற்க வந்தாலும் தொடாதீர்கள். உதிரிப் பாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான்.

63 பற்றி எனக்கு ஒரு யூகம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன், கண் வலிக்கிறது.

பாபநாசம் சரிவு:

அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டு 315-ஐ எடுத்துப் பார்த்தேன். சட்டப்படி வைத்திருக்கும் ஆள் என்ற முறையில் தம்பிக்கு நாலு வரி.

303 கிடையாது, சரி. ஆனால் அதே லீ என்ஃபீல்டு உடம்பில், 315 துளையில், இச்சாப்பூரிலேயே செய்த ரைபிள் பொதுமக்களுக்குக் கிடைக்கிறது. தோட்டா பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் வகை, 8 மில்லிமீட்டர். எங்கள் அப்பா காட்டுப்பன்றிக்காக வாங்கியது. அடிவாரத்தில் நெல் போட்டவர்களுக்குத் தெரியும், ஒரு ராத்திரி பன்றி இறங்கினால் வரப்பே இருக்காது. அப்பாவும் சுட்டது என்னவோ வானத்தைப் பார்த்துத்தான்.

அப்பா தவறிய பிறகு என் பெயருக்கு மாற்ற நான் பட்ட பாடு தனி. வாரிசுச் சான்று, அக்கா தம்பிகளின் சம்மதம், போலீஸ் விசாரணை என்று எல்லாம் கொடுத்தும் ஃபைல் ஒரு மேஜையில் பதினோரு மாதம் தூங்கியது. எந்த மேஜை என்று எழுதப் போவதில்லை, இன்னும் அங்கே போக வேண்டியிருக்கிறது. அதற்குள் ஆயுதச் சட்டத்துக்கு 2019 திருத்தம் வந்து ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். பரம்பரையாக வந்தது என்றாலும் கணக்கில் சேரும். எங்களிடம் ஒரு டபுள் பேரல், ஒரு சிங்கிள் பேரல், இந்த 315. சிங்கிள் பேரல் போய்விட்டது. தேர்தல் வந்தால் இருப்பதையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்க வேண்டும், திரும்பி வரும்போது கட்டையில் புதுக் கீறல் ஒன்று இருக்கும்.

ஆகவே தம்பி, ஆசை சுவரில் மாட்டுவதுதான் என்றால் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டுங்கள். செலவு முந்நூறு ரூபாய், யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

ஒரு சந்தேகம் ஆர்மரர் அண்ணாச்சியிடம். என்னுடையதில் போல்ட் நம்பர் குழல் நம்பரோடு ஒத்துப்போகிறது, ஆனால் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி இருக்கிறது. யாராவது பின்னால் அடித்ததா?

நாங்குநேரி டெக்சஸ்:

அந்தக் குறுக்குத் திருகாணியைப் பற்றி நான் சொல்லலாமா? கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் என்னிடம் இருப்பது நீங்கள் யாரும் வைத்துக்கொள்ள முடியாத சாமான்.

நான் நாங்குநேரி. டல்லாஸ் பக்கம் பதினேழு வருஷம். கிரீன் கார்டு வந்த பிறகு, கடையில் படிவம் எழுதி, பின்னணிச் சோதனை முடிந்து, ஒரு இச்சாப்பூர் 2ஏ1 வாங்கினேன். வேலை விசாவில் இருந்தபோது பொதுவாக வாங்க முடியாது. இங்கே ஐம்பது வருஷம் தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிப்பதற்கென்றே ஒரு தனி லைசென்ஸ் உண்டு, அந்தக் கூட்டத்தோடு பழகித்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. மோசின் நாகன் வைத்திருப்பவர் அதன் 1891-ஆம் வருஷத்து வடிவத்தைப் பற்றிப் பேசுவார். அரிசாகா வைத்திருப்பவர், ஜப்பான் சக்கரவர்த்தியின் செவ்வந்திப் பூ முத்திரை அரம் போடாமல் முழுசாக இருக்கிறது என்று பெருமைப்படுவார். நான் மட்டும் என்னத்தைக் காட்ட? கடையின் மூலையில் பழைய ரைபிள்களுக்கு நடுவே அசோகச் சிங்கத்தைப் பார்த்தேன். ஆர்.எஃப்.ஐ. 1967. நம் ஊர் ரூபாயில் இருக்கிற அதே சிங்கம், டெக்சஸில் ஒரு அடகுக் கடையில். விலை பேசவே இல்லை.

1962 சீனப் போருக்குப் பிறகு, 7.62 தோட்டாவுக்கு என்று இன்னும் உறுதியான எஃகில் இச்சாப்பூர் செய்தது இது. முதலில் 2ஏ, பிறகு 2ஏ1. பார்த்தால் தம்பியின் தாத்தா போட்டோவில் இருப்பதே போல இருக்கும், மொட்டை மூக்கு எல்லாம். மேகசின் மட்டும் சதுரமாக, பன்னிரண்டு தோட்டா கொள்ளும். 2ஏ-யில் குறி பார்க்கிற தகட்டில் தூரம் பழையபடி 2000 வரை போகும், 2ஏ1-ல் 800-உடன் நிறுத்திவிட்டார்கள். தம்பி, போட்டோவில் மேகசினைப் பாருங்கள், அடிப்பக்கம் சாய்வாக இருந்தால் 303, தீப்பெட்டி மாதிரி இருந்தால் என்னுடையதன் அண்ணன்.

இதிலும் முன்கட்டையில் குறுக்குத் திருகாணி உண்டு. இங்கே இச்சாப்பூர் ஸ்குரூ என்றே பெயர். கட்டை நீளவாக்கில் பிளக்காமல் இருக்க இந்தியாவில் போட்டது. பின்னால் யாரோ செய்த ஒட்டுவேலை என்று இங்கே சிலர் விலையைக் குறைப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்த பாகம்.

சுட்டேன், வருஷத்துக்கு இரண்டு தடவை. தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும். மற்ற நாட்களில் துடைப்பதோடு சரி. கட்டையில் வெள்ளைப் பெயின்ட்டில் 112 என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எங்கே, எந்த ராணுவ முகாமில், யார் கையில் இருந்ததோ. அதை அழிக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆர்மரர்:

நாங்குநேரித் தம்பி சொன்னது சரி, திருகாணி ஒட்டுவேலை இல்லை. நம் மரமும் நம் வெயிலும் சேர்ந்தால் கட்டை பிளக்கும். அதற்கு மருந்து அது. பாபநாசத்தார் அதைக் கழற்ற முயல வேண்டாம், தலை சிதைந்துவிடும்.

ஒன்றை முன்பு சொல்ல விட்டுவிட்டேன். போலீசிடம் 303 மட்டும் இல்லை, 410 மஸ்கட்டும் இருந்தது. அதே ரைபிளின் குழலைத் திறந்து, முறுக்கு இல்லாமல் வழவழப்பாக்கி, மேகசின் இடத்தில் மரக்கட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். ஒரு முறைக்கு ஒரு தோட்டா. அந்தத் தோட்டாவும் 303 குப்பியைக் கழுத்துச் சுருக்காமல் நேராக விட்டது. வெள்ளைக்காரன் காலத்து யோசனை. சிப்பாயிடமிருந்து யாராவது பிடுங்கிக்கொண்டாலும் பத்துத் தடவை சுட முடியாது, தூரமும் போகாது. வெளியிலிருந்து பார்த்தால் போட்டோவில் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் தம்பியிடம் கிளிப் இருக்கிறது. மஸ்கட்டுக்குக் கிளிப் எதற்கு? ஆகவே தாத்தா கையில் இருந்தது 303 என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனி 63. நாங்குநேரித் தம்பியின் 112-ஐப் பார்த்ததும் என் யூகம் உறுதியாகிவிட்டது. அது வருஷம் இல்லை, பட் நம்பர். ஒவ்வொரு ரைபிளுக்கும் தொழிற்சாலை அடித்த நீள நம்பர் ஒன்று இருக்கும், அது ரெஜிஸ்டருக்கு. ஆள் வாயில் இருப்பது கட்டையில் பெயின்ட்டில் எழுதிய பட் நம்பர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். கோத்தில் நம்பரைச் சொன்னால்தான் ரைபிள் வரும், திருப்பி வைக்கும்போதும் நம்பர். காணாமல் போனால் அந்த நம்பரோடு சேர்ந்து ஆளும் போவான். என்னோடு இருந்த ஒரு கோவில்பட்டிக்காரர் ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிள் பூட்டுக்குத் தன் பட் நம்பரைத்தான் வைத்திருந்தார்.

பார்க்க வேண்டும் என்றால் சென்னை எழும்பூரில், பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-ல் திறந்த காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. கோயம்புத்தூரிலும் ஒரு போலீஸ் மியூசியம் உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பிடிக்கு மேலே அந்த இரும்பு வளையத்தைப் பாருங்கள். கிரீடமா சிங்கமா, எந்த வருஷம், ஸ்டார் உண்டா இல்லையா. ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் சேர்க்கிறேன். நானூற்றுச் சொச்சம் நம்பர் என் நோட்டில் இருக்கிறது, ஒரு ரைபிள்கூட வீட்டில் இல்லை. என் வீட்டுக்காரிக்கு இதில் முழுத் திருப்தி.

அம்பைப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. தோட்டா போய்விட்டது. மாமாவுக்குத் தெரிந்த வக்கீல் வந்தார். ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கிளிப்பையும் காட்டினேன், அவர்களே எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் வருத்தம்தான், சரி. வந்தவர்களில் தலை நரைத்த ஒருவர் புட்டியை வாங்கி மூடியைத் திருகி, கரண்டியை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ட்ரெய்னிங்கில் இதைத் தொலைத்துவிட்டு மைதானத்தை ஆறு சுற்று ஓடினாராம்.

மேகசின் அடிப்பக்கம் சாய்வுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், புட்டியில் அம்பும் கீழே ஐ-யும் இருக்கின்றன. புளி போடவில்லை.

ராத்திரி ஆச்சியிடம் போட்டோவைத் திருப்பிக் காட்டி, "இது தாத்தாவோட துப்பாக்கி நம்பராம்" என்றேன். ஆச்சிக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. நம்பரை நான் சொல்லவே இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அறுபத்தி மூணு. தூக்கத்துல சொல்லுவாரு. எவளோ வயசுன்னுல்லா நெனச்சேன், ரெண்டு மாசம் பேசாம இருந்தேன்" என்றாள்.